ஆலாக் ஏரிக்குள் கடல் வரவில்லை

"மகாஜனங்களுக்கு மிக முக்கியமான ஓர் அறிவிப்பு. பெரியவர்கள், படகுக் கேப்டன்கள், கேப்டன்மார்களின் மனைவியர், பள்ளிக்கூட வாத்தியார், விமானத் தளத்தில் யாராவது விழித்திருந்தால் அவர் உட்பட அனைவரும் செவிசாய்க்கவும். நேற்றைய புயலில் கடலானது ஆலாக் ஏரிக்குள் வரவில்லை. வந்ததாகச் சொல்வோர் வாய்க்கு வந்ததைச் சொல்வோர். இப்படிக்கு, நுவுராக் ஊரின் மூத்த கேப்டன் வென்டல் ஆலாக். ஓவர்."

வயர்லெஸ் பெட்டியின் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிட்டு, ஒரு சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றிய களைப்போடு வென்டல் நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய மனைவி மேபல் அடுப்படி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே காலகாலமாகக் கிடந்த கூழாங்கல் கரை நடுவில் பிய்ந்து போயிருந்தது. நாலு சக்கர வண்டியைத் தாராளமாக ஓட்டிப் போகலாம், அவ்வளவு அகலம். அந்த வாசலில் கடல் அலை, சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வடதுருவக் கடலோரத்துத் திமிங்கில வேட்டைக்காரர் ஊர் அது. எல்லார் வீட்டிலும் வயர்லெஸ் உண்டு. எல்லாரும் கேட்பார்கள். பதில் சொல்கிற துணிச்சல் ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் எதிர்க்கட்சிக் கேப்டன் ஹெர்மனின் மனைவி ஃபேனி.

"கேப்டன், ஒரு சந்தேகம். ஏரி நடுவுல ஒரு கடல் சீல் தலையைத் தூக்கிப் பாக்குது. அது நல்ல தண்ணி சீலா? ஓவர்."

"அது வழி தவறி வந்த விருந்தாளி, ஃபேனி. ஓவர்."

"விருந்தாளி எந்த வழியா வந்தாரு? ஓவர்."

"ஓவர்னா ஓவர்!" என்று கத்திவிட்டு வென்டல் பெட்டியை அணைத்தார்.

"ஏங்க, கரை பிச்சுக்கிட்டுதானே இருக்கு," என்றாள் மேபல்.

"பிச்சுக்கலை. விரிஞ்சிருக்கு."

விரிந்திருப்பதற்கும் பிய்ந்திருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மத்தியானம் வரை பதில் வரும். மேபல் கேட்கவில்லை. இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தி அவள் கற்றுக்கொண்ட ஒரே கலை, கேள்வியைப் பாதியில் விழுங்குவது.

ஏரியைக் கடல் தின்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ள வென்டலுக்கு ஏன் அத்தனை கஷ்டம் என்றால், ஊரில் அவருக்கு இருந்த மரியாதையில் முக்கால்வாசி அந்த ஏரியில்தான் உறைந்திருந்தது. ஏரிக்கு அவருடைய தாத்தா ஆலாக்கின் பெயர். குழாயில் வரும் தண்ணீரில் மருந்து வாசனை அடிக்கும். அதில் தேநீர் போட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு ஆலாக் ஏரியின் ஐஸ் வேண்டும். கண்ணாடி மாதிரி நீலமாக இருக்கும் அந்தக் கட்டிகளை வெட்டி, ஒவ்வொரு குளிர்காலமும் பெரியவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவைப்பது ஆலாக் குடும்பத்தின் உரிமை. வென்டல் அதை உரிமை என்று சொல்ல மாட்டார். "கடமை" என்பார், மார்பைத் தொட்டுக்கொண்டு.

ஏரிக்கரை மேட்டிலேயே தாத்தா தோண்டிய இறைச்சிக் கிடங்கும் இருந்தது. உறைந்த மண்ணுக்குள் ஏணி வைத்து இறங்கினால் கீழே ஓர் அறை. கோடை வந்தாலும் அங்கே கோடை வராது. திமிங்கில இறைச்சியும், மக்தாக் என்கிற கொழுப்போடு கூடிய தோலும் அங்கேதான் கிடக்கும்.

புயல் ஓய்ந்து, ஏரி உறைந்தது. முதல் ஐஸ் கட்டிகளை மேபலின் தம்பி ரூஃபஸ் பனிவண்டியில் கொண்டுவந்து இறக்கினான். வென்டலின் படகில் ஈட்டி எறிபவன் அவன்தான். ஈட்டி எறியும் நேரம் தவிர மற்ற எல்லா நேரத்திலும் மச்சான் சொல்வதைச் செய்பவனும் அவன்தான். கட்டிகள் நீலமாக இல்லை. துணி அலசிய தண்ணீரை உறைய வைத்தது மாதிரி இருந்தன.

"மச்சான், நிறம் ஒரு மாதிரியா இருக்கே," என்றான் ரூஃபஸ்.

"பனி அதிகம் பெய்ஞ்சா அப்படித்தான்."

அன்று சம்பிரதாயப்படி வீடு நிறையப் பெரியவர்கள். வென்டல் தாத்தாவைப் பற்றிப் பேசினார், தாத்தாவின் தாத்தாவைப் பற்றிப் பேசினார், ஏரி என்றால் என்ன என்று ஏரிக்கரையிலேயே பிறந்தவர்களுக்கு விளக்கினார். பிறகு கோப்பைகள் வந்தன. எல்லாரும் ஒரு வாய் குடித்தார்கள். அப்புறம் மூத்தவர் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்து, "ஆலாக் தண்ணின்னா ஆலாக் தண்ணிதான்," என்றார். அது பாராட்டா, புலம்பலா என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது. அடுத்தவர், "தொண்டைக்கு இதமா இருக்கு," என்றார். அதுவும் ஒரு வகையில் உண்மை. தொண்டை கட்டினால் உப்புத் தண்ணீரில்தானே கொப்பளிப்பார்கள். ஃபேனிகூட இரண்டு கெட்டி பிஸ்கட்டை முக்கித் தின்றுவிட்டு, "நல்லா இருக்கு," என்றாள். அவளுக்கே அது அதிசயம்.

வென்டல் கடைசியாக மேபலைப் பார்த்தார்.

"நீ சொல்லு."

அப்போது அவள் சொல்லியிருக்கலாம். உப்பு என்ற ஒரு சொல்தான். ஆனால் சொன்னால் பேச்சு இன்னொரு முறை முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவளோ அன்று காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாள், கால் வலித்தது. "நல்லா இருக்கு," என்றாள். ஊரே மரியாதைக்காகப் பொய் சொன்னது. அவள் சோம்பலுக்காகச் சொன்னாள். அதை உயர்ந்த வகைப் பொய் என்று அவளே நினைக்கவில்லை.

சூரியன் திரும்பி வந்து பகல் நீள ஆரம்பித்தபோது டாக்டர் ஹெட்லண்ட் வந்து இறங்கினார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மண்ணுக்கு டாக்டர். கூடாரத்தை வெட்டித் தைத்தது போன்ற ஆரஞ்சுக் கோட்டுக்குள் இருந்து ஒரு மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அவர் ஏரி மேல் போய் எந்திரத்தால் துளை துளையாகப் போட்டார். ஒவ்வொரு துளைக்கும் ஒரு கொடி நட்டார். ஏரி, திருவிழா முடிந்த மைதானம் போல ஆயிற்று.

ஏரிக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் வென்டல் அவரை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார். ஹெட்லண்ட் ஒரு மிடறு குடித்தார். மூக்கு விரிந்தது.

"தேநீர்ல உப்பு போடறது உங்க முன்னோர் வழக்கமா?" என்று பயபக்தியோடு கேட்டார்.

வென்டலுக்குக் கேள்வி புரியவில்லை. புரியாத கேள்விக்கெல்லாம் அவரிடம் ஒரே பதில் உண்டு. "எங்ககிட்ட எல்லாமே முன்னோர் வழக்கம்தான்."

"அருமை, அருமை," என்று ஹெட்லண்ட் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். அடுப்படியில் மேபல் சிரிப்பை அடக்க, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

குடித்து முடித்ததும் டாக்டர் தான் கண்டுபிடித்ததைச் சொன்னார். "உங்க ஏரி ஆழமே இல்லை. குளிர்காலத்துல அடிமண் வரைக்கும் உறைஞ்சிரும். அதனால கீழ இருக்கிற மண்ணும் ஆயிரக்கணக்கான வருஷமா உறைஞ்சே கிடந்தது. இப்ப பாருங்க, ஐஸுக்கு அடியில தண்ணி நிக்குது. உப்புத் தண்ணி. அது அவ்வளவு லேசா உறையாது, மெதுவா மண்ணுக்குள்ள இறங்கும். உப்பு இறங்கின மண்ணு எவ்வளவு குளிர்ந்தாலும் இறுகாது. தொட்டா கஞ்சி. ஏரி உப்பங்கழியா மாறுறதை முதல் வருஷமே பிடிச்சிருக்கோம். இது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் தெரியுமா?"

சாவு வீட்டுக்கு வந்தவன் சவப்பெட்டியின் மரத்தைத் தட்டிப் பார்த்துப் பாராட்டுகிற மாதிரி இருந்தது அவர் முகம்.

"எங்க தாத்தா தோண்டின மண்ணு அது, பாறை மாதிரி," என்றார் வென்டல். "நீங்க இத்தனை துளை போட்டா எந்த மண்ணுதான் ஒழுகாது?"

மேபல் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "டாக்டர், அப்ப கரையில இருக்கிற எங்க கிடங்கு?"

"கிடங்கா?" ஹெட்லண்ட் யோசித்தார். "அது எங்க ஆய்வுல வராதே."

அவர் போன கொஞ்ச நாளில் கிடங்கைச் சுத்தம் செய்யும் காலம் வந்தது. வசந்தத்தில் பனி விரிசல் வழியே திமிங்கிலம் வருவதற்கு முன் ஒவ்வொரு கேப்டன் வீட்டுக் கிடங்கும் துப்புரவாக இருக்க வேண்டும். பழைய ரத்தமும் கொழுப்பும் கிடக்கிற கிடங்கைத் திமிங்கிலம் மதிக்காது என்பார்கள். திமிங்கிலம் கேப்டனைத் தேடி வருவதில்லை, கேப்டன் மனைவியைத் தேடி வருகிறது என்றும் சொல்வார்கள். வென்டல் இந்த இரண்டாவதை மேடையில் சொல்லுவார், வீட்டில் சொல்ல மாட்டார். ஆனால் அதன் அர்த்தம் மேபலுக்கு நன்றாகத் தெரியும்: இறைச்சி நன்றாக இருந்தால் அது கேப்டனுடைய பெருமை, கெட்டுப்போனால் அது அவளுடைய வெட்கம். கடலோரத்தில் முதல் குழம்புப் பனி மிதக்கிற இலையுதிர் காலத்தில் ஊரையே கூட்டி அந்த இறைச்சியைப் பரிமாற வேண்டியவள் அவள். அன்று தட்டில் நாற்றம் வந்தால், இவள் செத்த பிறகும் அதைப் பேசுவார்கள்.

ரூஃபஸும் படகுக்காரர்களும் உள்ளே இறங்கிச் சுரண்டினார்கள். சுவர் பிசுபிசுத்தது. வழக்கம்போலச் சுவரில் நல்ல தண்ணீரை வீசி, ஐஸ் பூச்சு ஏற்ற வேண்டும். மேபல் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஆத்துப் பக்கம் போய்த் தண்ணி கொண்டா, ரூஃபஸ். இந்தத் தண்ணி வேண்டாம்."

"மச்சான் என்ன சொல்லுவாரோ, அக்கா."

மச்சான் சொன்னார். கிடங்கு வாசலிலேயே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார். "ஆலாக் கிடங்குக்கு ஆலாக் தண்ணிதான். ஆத்துத் தண்ணி ஹெர்மன் வீட்டுக்குப் போகட்டும்."

ஏரியின் தண்ணீரை வாளி வாளியாக எடுத்து வீசினார்கள். அது சரியாக உறையாமல் சுவரில் பழைய மாவு போல ஒட்டிக்கொண்டு நின்றது. தரையில் ஏரியின் ஐஸ் கட்டிகளைப் பரப்பினார்கள். உப்பைப் போட்டால் ஐஸ் இளகும் என்று விமானத் தளப் படிக்கட்டில் உப்பு தூவுகிறவனுக்குக்கூடத் தெரியும். நுவுராக்கில் அந்த வேலை பார்ப்பவனும் அன்று வாளி தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றான்.

திமிங்கிலமாவது மேபலின் மானத்தைக் காப்பாற்றியிருக்கலாம். ஹெர்மனுடைய படகுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த வசந்தத்தின் முதல் திமிங்கிலம் நேராக வென்டலின் படகுக்கு முன்னால் வந்து மூச்சு விட்டது. ரூஃபஸ் எறிந்தான். ஊரே இழுத்துக் கரைசேர்த்தது. வென்டல் அழுதார், வயர்லெஸ்ஸில் அழுதார். கேப்டனுக்குரிய பங்கு ஏணி வழியாகக் கிடங்கில் இறங்கியது. மேபல் மேலே நின்று, ஒவ்வொரு துண்டும் இருட்டில் மறைவதைப் பார்த்தாள். திமிங்கிலத்துக்கும் விவரம் கிடையாது என்று நினைத்துக்கொண்டாள்.

கோடை நடுவில் ஒரு நாள் ரூஃபஸ் கிடங்கிலிருந்து ஏறி வந்து அடுப்படி வாசலில் நின்றான். காலுறை நனைந்திருந்தது.

"அக்கா, சொட்டுது."

மேபல் தானே இறங்கிப் பார்த்தாள். சுவரில் பூசியிருந்த பனி, வெயில் பட்ட தோல் மாதிரி உரிந்து தொங்கியது. ஏரிப்பக்கச் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. தரையில் கணுக்கால் நனையும் அளவுக்குக் குட்டை. கீழடுக்கு இறைச்சியை விரலால் அழுத்தினாள். விரல் பதிந்தது. இன்னும் கெட்டுப்போகவில்லை, ஆனால் கெட்டுப்போகத் தயாராக இருந்தது.

விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போனாள்.

"ஏங்க, கிடங்கு ஒழுகுது. இறைச்சியைப் பள்ளிக்கூடத்துப் பெரிய குளிர்பெட்டிக்கு மாத்திரலாம். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

வென்டல் கண்ணாடியைக் கழற்றினார். அது கெட்ட சகுனம். "ஒழுகலை. வியர்க்குது. உயிருள்ள எதுவும் கோடையில வியர்க்கும். எங்க தாத்தா கிடங்கு உயிரோட இருக்கு. பெட்டியில வச்ச இறைச்சி பொணம். ஆலாக் பேர் போட்ட திமிங்கிலத்தை, பள்ளிக்கூடப் பிள்ளைங்க மீன் பொரியல் பக்கத்துல படுக்க வைப்பேனா?"

"நீங்க இறங்கிப் பாத்தீங்களா?"

"என் முழங்கால்."

அவருடைய முழங்கால் ஏணியில் இறங்காது, மேடையில் ஏறும்.

அவர் வாக்கு இல்லாமல் படகுக்காரர்கள் ஒரு துண்டையும் வெளியே எடுக்க மாட்டார்கள். ரூஃபஸ் எடுப்பான், ஆனால் பிறகு மச்சான் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லியும் விடுவான். இரண்டு நாள் மேபல் கோபத்தில் ஒன்றும் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் ஃபேனி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"என்னடி மேபல், உங்க வீட்டுக்காரர் கிடங்குக்கு வேர்க்குதாமே? விசிறி வாங்கிக் கொடேன்."

அந்த நிமிஷத்தில்தான் மேபலுக்கு யோசனை வந்தது. கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்கிற கேப்டனுக்கு அடுத்த வருஷம் திமிங்கிலம் கிடையாது. இது ஊரில் எந்தக் கேப்டனும் மீறாத வழக்கம். வென்டல் மீறவே மாட்டார். கொடுப்பது அவருக்குப் பேச்சுக்கு அடுத்தபடியான போதை.

"ஃபேனி," என்றாள், "நீ போய் அவர்கிட்ட கொஞ்சம் இறைச்சி கேளு."

"நானா? ஹெர்மன் பொண்டாட்டியா? அந்த மனுஷன்கிட்டயா?"

"ஆலாக் கிடங்கு இறைச்சி மாதிரி வராதுன்னு சொல்லிக் கேளு. வாங்கிட்டுப் போய் உன் பெட்டியில வை. திங்காதே. குழம்புப் பனி வர்ற அன்னிக்குத் திருப்பிக் கொண்டா."

ஃபேனி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் கொண்டுவரலேன்னா?"

அதுதான் விஷயம். கேட்டு வாங்கியது வாங்கியவருடையது. திருப்பிக் கொடு என்று கேட்கிற உரிமை மேபலுக்குக் கிடையாது, கேட்கிற வழக்கமும் ஊரில் கிடையாது.

"கொண்டுவரலேன்னா என் மானம் போகும். அவ்வளவுதான்," என்றாள் மேபல்.

ஃபேனி கொஞ்சம் யோசித்தாள். பிறகு முன்னறைக்குப் போய், நாடக மேடையில்கூட யாரும் நம்பாத குரலில், "கேப்டன், எங்க வீட்டு இறைச்சி ருசியே இல்லை. ஆலாக் கிடங்குல இருந்து ஒரு துண்டு கொடுங்க," என்றாள்.

வென்டல் எழுந்து நின்றார். அவர் முகம் சிவந்து, ஈரமாகி, பெரிதாயிற்று. "ரூஃபஸ்! ஃபேனிக்கு ஒரு துண்டு எடுத்துக் கொடு!"

ரூஃபஸ் கிடங்குக்குப் போனான். மேபல் அவனிடம் சொல்லியிருந்தாள்: மச்சான் துண்டு என்று சொன்னால் வண்டி நிறைய என்று எடுத்துக்கொள். ரூஃபஸுக்கு அதில் பொய் எதுவும் தெரியவில்லை. எவ்வளவு பெரிய துண்டு என்று மச்சான் சொல்லவில்லையே.

அப்புறம் ஊரே கேட்க வந்தது. தானாக அல்ல, மேபல் அனுப்பி. மூத்தவர் வந்தார், பள்ளிக்கூட வாத்தியார் வந்தார், படிக்கட்டில் உப்பு தூவுகிறவன் வந்தான். ஒவ்வொருவரும் முன்னறையில் நின்று கெஞ்சினார்கள். வென்டல் ஒவ்வொருவருக்கும் தாத்தாவின் வரலாற்றைச் சொன்னார். பின்பக்கம் ரூஃபஸ் வண்டியில் ஏற்றினான். மத்தியானங்களில் வயர்லெஸ்ஸில் அறிவிப்பு வந்தது: "மகாஜனங்களுக்கு. ஆலாக் கிடங்குக்கு அடி கிடையாது. தயங்காமல் கேட்கவும்." ஊர் முழுக்க, வீட்டு நடைகளில், குளிர்பெட்டிகள் மூடாத அளவுக்கு நிறைந்தன. ஒரு வீட்டில் ஐஸ்கிரீமுக்கு இடமில்லாமல் பிள்ளைகள் ஒரே மூச்சில் அதைத் தின்று தீர்க்க வேண்டியதாயிற்று. மேபலுக்கு இந்தத் திட்டத்தில் கிடைத்த முதல் ஆதரவு அந்தப் பிள்ளைகள்தான்.

கோடை முடிவதற்குள் கிடங்கு காலி. ரூஃபஸ் கடைசித் துண்டை எடுத்து வந்தபோது முழங்கால்வரை நனைந்திருந்தான். மேபல் மரமூடியைச் சாத்தி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

பிறகு அவள் பயந்தாள். நேராகப் பேசுகிற ஊராக இருந்தால் பயம் இருக்காது. இது தேநீரைக் குடித்துவிட்டு நல்லா இருக்கு என்று சொன்ன ஊர். கொண்டுவருவோம் என்று எல்லாரும் தலையாட்டியிருந்தார்கள். அந்தத் தலையாட்டலின் விலை அவளுக்குத் தெரியும், அவளே ஆட்டியவள்தானே.

கடலோரத்தில் குழம்புப் பனி வந்தது. சாம்பல் நிறத்தில், கூழ் மாதிரி, அலையோடு சோம்பலாக ஏறி இறங்கியது. வென்டல் காலையிலேயே விருந்தை அறிவித்துவிட்டுப் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டார். மேபல் பெரிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, வெறும் பாத்திரங்களுக்கு நடுவில், பின்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முன்னறையில் ஆட்கள் சேரும் சத்தம் கேட்டது. பின்கதவில் யாரும் இல்லை.

"தட்டு எடுக்கலாமா?" என்று முன்னறையிலிருந்து வென்டல் கத்தினார்.

"இதோ," என்றாள். எதோ என்று அவளுக்கே தெரியவில்லை.

பின்கதவு திறந்தது. ஃபேனி, ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு. பின்னால் மூத்தவர். அவருக்குப் பின்னால் ஊர்.

"நீ அழுவேன்னு பாக்க வந்தோம்," என்றாள் ஃபேனி மூச்சு வாங்க. "ஏமாத்திட்டியே. எங்க வீட்டுப் பங்குல கொஞ்சம் குறையும். ஹெர்மன் தின்னுட்டான். திங்காதேன்னு சொன்னதாலதான் தின்னானாம்."

அன்பினால் வந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். அப்படியில்லை. வென்டல் அந்த இறைச்சியை வாயில் போட்டுக்கொண்டு என்ன பேசப்போகிறார் என்பதை ஒருவருக்கும் தவறவிட மனமில்லை. ஒரு வருஷமாக உப்புத் தேநீர் குடித்தவர்கள். அதற்குரிய வேடிக்கை அவர்களுக்கு வர வேண்டியிருந்தது.

அவர்கள் ஏமாறவில்லை. தட்டுகள் வெளியே போயின. உறைந்த இறைச்சியைச் சீவி, ஒரு துண்டை வாயில் போட்டு, வென்டல் கண்களை மூடினார்.

"இதுதான்," என்றார். "மண்ணோட ருசி. எங்க தாத்தா மண்ணு. பெட்டியில வச்ச இறைச்சிக்கு இது வருமா?"

"வரவே வராது, கேப்டன்," என்றது ஊர், ஒரே குரலில்.

"அடியில லேசா ஒரு வாசனை வருதே, அதைக் கவனிச்சீங்களா? அது நூறு வருஷத்து வாசனை."

அது ஃபேனி வீட்டுப் பெட்டியில் மேல்தட்டில் இருந்த வெனிலா ஐஸ்கிரீமின் வாசனை. ஃபேனி முகத்தைச் சால்வைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். உணர்ச்சிவசப்பட்டு அழுகிறாள் என்று வென்டல் நினைத்து, அவள் தோளைத் தட்டினார். மேபல் பின்கதவில் சாய்ந்து நின்றாள். தட்டில் நாற்றம் இல்லை. அவளுக்கு அது போதும். அன்றைக்கு அங்கேயே எல்லாம் முடிந்திருக்கலாம்.

ஆனால் டாக்டர் ஹெட்லண்ட் மறுபடியும் வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து, தன் தேநீரில் தானே பையிலிருந்து உப்பு எடுத்துப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். முன்னோர் வழக்கத்தை மதிப்பவர். அவர் எழுந்து, "கேப்டன், உங்க கிடங்குல ஒரு வெப்பமானி வைக்க அனுமதி வேணும். இப்ப அது ஆய்வுல வருது," என்றார்.

வென்டலின் மார்பு இன்னும் அகலமாயிற்று. "வைக்கலாம். ஆனா ஆலாக் கிடங்குல அந்நியன் கால் முதல்ல படக் கூடாது. முதல்ல நான் இறங்குவேன். எல்லாரும் வாங்க."

"உங்க முழங்கால்," என்றாள் மேபல்.

"இன்னிக்கு வலிக்கலை."

ஊரே கிளம்பிக் கரைமேட்டுக்குப் போனது. வயதானவர்கள்கூட மூச்சிரைக்க ஓடினார்கள். ரூஃபஸ் கல்லைத் தள்ளி மூடியைத் திறந்தான். உள்ளே இருட்டு; ஏதோ தளும்பும் ஓசை. மேபல் முன்னால் வந்தாள். ஒரு வருஷமாக ஒரு சொல்லை விழுங்கி வைத்திருந்தாள். இந்த முறை அதை வெளியே விட்டாள், ஊர் முன்னால், உரக்க.

"கீழ தண்ணி நிக்குதுங்க. உப்புத் தண்ணி. கோடையில இருந்தே. தேநீரும் போன வருஷத்துல இருந்தே உப்புதான்."

யாரும் சிரிக்கவில்லை. இவ்வளவு பச்சையாக ஒரு மனைவி பேசி அந்த ஊர் கேட்டதில்லை. வென்டல் ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி அவளைப் பார்த்தார். ஒரு கணம், அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலவே இருந்தது.

"வியர்வை," என்றார்.

இறங்கினார். தொப்பி மறைந்தது. ஒரு படி, இன்னொரு படி. பிறகு பெரிய சத்தம் ஒன்று. மேலே ஊர் மரியாதையாகக் காத்திருந்தது.

"எல்லாம் நல்லா இருக்கு!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. கொஞ்சம் கீச்சிட்ட குரல்.

"நல்லாத்தான் இருக்கும், கேப்டன்," என்றார் மூத்தவர்.

வென்டல் ஏறி வந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது, மீசையிலும் சொட்டியது. ரூஃபஸின் இடுப்பிலிருந்த கை வயர்லெஸ்ஸை உருவி, தனக்கு ஓரடி முன்னால் நின்றவர்களுக்கு அறிவித்தார்.

"மகாஜனங்களுக்கு மிக முக்கியமான ஓர் அறிவிப்பு. ஆலாக் கிடங்கு தன்னிடம் இருந்த கடைசித் துண்டுவரை மக்களுக்குக் கொடுத்துவிட்டது. கொடுத்த களைப்பில் அது மிகவும் வியர்த்திருக்கிறது. அதற்கு இன்று முதல் ஓய்வு அளிக்கப்படுகிறது. நாளை காலை, அதற்கு மிக அருகில், புதிய கிடங்கு தோண்டப்படும். ஓவர்."

ஃபேனி தன் சட்டைப்பையிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்து வாயருகில் வைத்தாள்.

"கேப்டன், ஒரு சந்தேகம். உள்ள சீல் ஏதாவது இருந்துச்சா? ஓவர்."

வென்டல் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மீசைத் தண்ணீர் நாக்கில் இறங்கியது. வாயை மூடிக்கொண்டார்.

கடல் ஏரிக்குள் வந்திருந்தது.